காசநோய் என்று போனால் எச்.ஐ.வி.க்கும் இரத்தம் கேட்கிறார்களே, ஏன்?

சீனக்குடாக்காரன்:
வணக்கம். கொஞ்சம் வீட்டு விஷயம், ஆனால் கேட்பதற்கு வேறு இடம் தெரியவில்லை. எங்கள் அத்தான் கட்டாரில் கட்டட வேலை செய்துவிட்டுப் போன வருடம் ஊருக்கு வந்தவர். வந்ததிலிருந்து இருமல், பின்னேரமானால் காய்ச்சல், இரவில் பெனியன் நனைகிற அளவுக்கு வியர்வை, ஆள் அரைவாசியாகிப் போனார். முதலில் பார்மசியில் சொல்லி வாங்கிய பாணி, பிறகு ஒரு தனியார் டிஸ்பென்சரியில் திரும்பத் திரும்ப அன்டிபயோட்டிக், எதற்கும் அசையவில்லை. கடைசியில் மார்பு கிளினிக்கில் சளி பார்த்துக் காசநோய் என்று சொல்லிக் குளிசை தொடங்கிவிட்டார்கள். அதுவரை சரி. இப்போது எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் இரத்தம் எடுக்க வேண்டுமாம். அக்கா கொதித்துப் போயிருக்கிறார். வெளிநாட்டில் இருந்து வந்த ஆள் என்றால் இப்படித்தான் நினைப்பார்களா என்று கேட்கிறார். அத்தான் வாயே திறக்கவில்லை, அது அக்காவுக்கு இன்னும் எரிச்சல். நெஞ்சு வருத்தத்துக்கு இந்த இரத்தம் எதற்கு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிண்ணியா நானா:
தம்பி, எல்லோரிடமும்தான் எடுக்கிறார்கள். எங்கள் மாமிக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, ஊரை விட்டுப் போனதென்றால் உம்ராவுக்கு மட்டும்தான். அவரிடமும் எடுத்தார்கள். கட்டாரைப் பார்த்து எடுக்கவில்லை.

பழைய மிஸ்ஸி:
நான் வார்டில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். நானா சொல்வது சரி. காசநோய் என்று பதிவாகும் எவரிடமும் எச்.ஐ.வி. பரிசோதனைக்குக் கேட்பதுதான் நடைமுறை. அதேபோல எச்.ஐ.வி. உள்ளவர் ஒவ்வொரு முறை வரும்போதும் இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை இந்த நான்கையும் கேட்பார்கள். மற்றவர்களுக்கு இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால்தான் சளி பார்ப்போம், எச்.ஐ.வி. உள்ளவருக்கு நேற்றுத் தொடங்கிய இருமலென்றாலும் விட மாட்டோம்.

காரணம் இதுதான். உலகத்தில் நாலில் ஒருவர் உடம்பில் காசக்கிருமி ஏறியிருக்கிறது. அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் எதுவும் செய்யாது, நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் என்றைக்காவது நோயாக வெளியே வரும். ஏனென்றால் உடம்பில் உள்ள வெள்ளை அணுக்கள் கிருமியைச் சுற்றி வளைத்து ஒரு மூலையில் அடைத்து வைத்திருக்கின்றன. அந்தக் காவலை நடத்துவது சீடி4 என்கிற அணு. எச்.ஐ.வி. போய்த் தாக்குவதும் அதையேதான். காவல் தளர்ந்தால் கிருமி வெளியே வரும். எச்.ஐ.வி. உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பத்து மடங்குக்கும் அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மறுபக்கமும் உண்டு. காசநோய் உடம்பில் எரிந்துகொண்டிருக்கும்போது நோயெதிர்ப்பு அணுக்கள் கிளர்ந்தெழும், கிளர்ந்த அணுவில்தான் வைரஸ் வேகமாகப் பெருகும். ஒன்று மற்றதை வளர்த்துவிடுகிறது.

ஆகவே அக்காவிடம் சொல்லுங்கள், இது சந்தேகத்தில் கேட்பதல்ல. சந்தேகத்தில் கேட்பதென்றால் ஆளைப் பார்த்து, தொழிலைப் பார்த்து, ஊரைப் பார்த்துக் கேட்டிருப்பார்கள். அப்படிக் கேட்பதுதான் அவமானம். எல்லோரிடமும் கேட்கும்போது யாரும் தனியாக நிற்க வேண்டியதில்லை.

கணக்கர்:
மிஸ்ஸி சொல்வது தென்னாபிரிக்காவுக்குச் சரி. அங்கே காசநோயாளிகளில் பாதிக்கு மேல் எச்.ஐ.வி. உள்ளவர்கள். இலங்கையில் வளர்ந்தவர்களிடையே எச்.ஐ.வி. நூற்றுக்கு 0.1ஐக்கூடத் தொடவில்லை. வருடத்துக்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் காசநோயாளிகள் பதிவாகிறார்கள், அவர்களில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் மிகச் சொற்பம். நம் ஊரில் காசநோயை இழுத்துவருவது சீனி வருத்தமும் குடியும் சிகரெட்டும்தான். சீனி உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. மடங்கு குறைவு என்றாலும், ஆட்களை எண்ணிப் பாருங்கள்: நம் தெருவில் சீனி இல்லாத வீடு ஏது? இருக்கிற காசையும் ஆட்களையும் அதில் போட்டால் பிரயோசனம். இதையெல்லாம் ஜெனீவாவில் இருக்கிற உலக சுகாதார நிறுவனத்தில் எழுதிக் கொடுத்தார்கள் என்பதற்காகச் செய்கிறோம்.

ஆய்வுகூடத்தான்:
கணக்கர் அண்ணா, சீனியும் பார்க்கத்தான் செய்கிறார்கள், இரண்டில் ஒன்று என்று யாரும் கேட்கவில்லை. என் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் இந்தச் சளி போத்தல்கள் என் கையால்தான் போகின்றன.

சளியைக் கண்ணாடியில் தேய்த்து, காயவைத்து, சிவப்புச் சாயம் ஏற்றி, அமிலத்தால் கழுவி, பிறகு நீலம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் நீலத் தளத்தில் சின்னச் சின்னச் சிவப்புக் குச்சியாகத் தெரியும். பார்க்க வடிவாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு மில்லிலீட்டர் சளியில் ஐயாயிரம், பத்தாயிரம் கிருமியாவது இருந்தால்தான் கண்ணில் படும். சாதாரண காசநோயாளிக்கு நெஞ்சில் குழி விழும், அந்தக் குழியிலிருந்து கிருமி குவியலாக வெளியே வரும், நமக்குச் சுலபம். அந்தக் குழியை உண்டாக்குவது கிருமி மட்டும் அல்ல, அதோடு சண்டை போடுகிற நம் எதிர்ப்புச் சக்தியும்தான். எச்.ஐ.வி.யால் எதிர்ப்பு விழுந்தவருக்குச் சண்டை இல்லை, குழி இல்லை, சளியில் கிருமி குறைவு. எக்ஸ்ரேயும் ஏறக்குறையச் சுத்தமாக இருக்கலாம். கிருமி நெஞ்சை விட்டுக் கழலைக்கும் மூளை உறைக்கும் வயிற்றுக்கும் போயிருக்கும். ஆக மிக மோசமாக இருப்பவரின் அறிக்கைதான் 'இல்லை' என்று வரும்! ஆள் ஊருக்குப் போய்விடுவார்.

எச்.ஐ.வி. இருக்கிறது என்று முன்பே தெரிந்தால் அந்த 'இல்லை'யை வைத்தியர் நம்ப மாட்டார். ஜீன்எக்ஸ்பர்ட் போடுவார், அது கிருமியின் மரபணுவையே தேடுவது, நூற்றுச் சொச்சம் கிருமி இருந்தாலும் பிடிக்கும், இரண்டு மணி நேரத்தில், காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு இருக்கிறதா என்றும் சொல்லிவிடும். 2010இல் உலக சுகாதார நிறுவனம் இதை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்பு எத்தனை பேர் 'சளி சுத்தம்' என்ற துண்டோடு வீட்டுக்குப் போய்ச் செத்தார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது.

(போத்தலில் உமிழ்நீரைத் துப்பித் தருபவர்களுக்கு: அது சளி அல்ல. காலையில் எழும்பியவுடன், வாயைக் கொப்பளித்து, வெளியே திறந்த இடத்தில் நின்று நெஞ்சிலிருந்து இருமி எடுங்கள். மூடியை இறுக்குங்கள், தயவுசெய்து.)

சல்லி வள்ளம்:
என்னத்துக்கு இவ்வளவு சுற்றி வளைப்பு. ஒழுக்கமாக இருந்தால் இந்த வருத்தம் வராது. வந்தவர்கள் தேடிக்கொண்டதுதானே.

மனையாவெளி மகள்:
சல்லி அண்ணா, உங்களுடைய இந்த ஒரு வரிதான் ஆட்களைக் கிளினிக் வாசலில் இருந்து திருப்பி அனுப்புகிறது. கணவனிடமிருந்து வாங்கிய மனைவி என்ன தேடிக்கொண்டாள்? சாப்பாடு போடுகிற வீட்டிலேயே அடைபட்டு வேலை செய்யப் போய் எசமானின் தொந்தரவால் நோயோடு வந்த பிள்ளை என்ன தேடிக்கொண்டாள்? மூதூரிலும் கிண்ணியாவிலும் வெளிநாடு போகாத பெண் உள்ள குடும்பம் எத்தனை என்று எண்ணிச் சொல்லுங்கள். காசநோய்க்கு ஒழுக்கமும் தேவையில்லை, ஒழுக்கக்கேடும் தேவையில்லை, பஸ்ஸில் பக்கத்தில் இருந்தாலே போதும்.

திருத்துநர்:
தனியாள் மீது பேச்சு வேண்டாம். சல்லி வள்ளத்தின் அடுத்த பதிவை நீக்கியிருக்கிறேன்.

பழைய மிஸ்ஸி:
கணக்கருக்கு ஒரு கணக்கு. 2023இல் உலகம் முழுவதும் 1 கோடியே 8 இலட்சம் பேருக்குக் காசநோய் வந்தது, அவர்களில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் நூற்றுக்கு ஆறு பேர். அதே வருடம் செத்தவர்கள் 12.5 இலட்சம், அதில் 1,61,000 பேர் எச்.ஐ.வி. உள்ளவர்கள், அதாவது நூற்றுக்குப் பதின்மூன்று. ஆறு எப்படிப் பதின்மூன்று ஆனது என்று யோசியுங்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களைக் கொல்லும் நோய்களில் முதலாவதும் காசநோய்தான், அந்த மரணங்களில் நாலில் ஒன்று இதனால். இத்தனைக்கும் இரண்டில் ஒன்று குணமாகிற வருத்தம், மற்றது மருந்தால் அடக்கி வைத்து வயசாகும் வரை வாழக்கூடிய வருத்தம். பிந்திக் கண்டுபிடிப்பதால் சாகிறார்கள், அவ்வளவுதான்.

எண்ணிக்கை குறைவான நாட்டில் இது இன்னும் மோசம். தென்னாபிரிக்காவில் ஒரு வைத்தியர் இருமலைப் பார்த்தவுடன் எச்.ஐ.வி.யை நினைப்பார். நம் நாட்டில் யாருக்கும் நினைவே வராது. முதல் இலங்கையரை 1987இல் கண்டார்கள், இன்றைக்கும் நம் ஆட்களுக்கு அது 'வேறு யாருக்கோ' வருகிற ஒன்று. ஆனால் புதிதாகப் பதிவாகிறவர்கள் சமீபத்தில் வருடத்துக்கு அறுநூறைத் தாண்டிவிட்டார்கள், அதில் மிகப் பெரும்பாலானோர் ஆண்கள். தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரவுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று 2019இல் சான்றிதழ் கிடைத்தது தெரியும்தானே? எப்படிக் கிடைத்தது? கர்ப்பிணி என்றால் யார் எவர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் சோதித்ததால். தாய்மார் கிளினிக்கில் அதற்கு யாரும் இன்று கோபப்படுவதில்லை.

கணக்கர்:
தாய்மார் உதாரணம் நல்லது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் சீனி பற்றி நான் சொன்னதை விட மாட்டேன், காசநோயாளிகளிடம் எச்.ஐ.வி.க்குக் கேட்கிற அக்கறையில் கால்வாசி சீனி கிளினிக்கில் வரிசையில் நிற்பவர்களிடம் இருமல் இருக்கிறதா என்று கேட்பதில் இருந்தால் இன்னும் எத்தனையோ பேரைப் பிடிக்கலாம்.

பழைய மிஸ்ஸி:
அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

ஆய்வுகூடத்தான்:
2006இல் தென்னாபிரிக்காவின் குவாசுலு-நட்டாலில் டுகேலா ஃபெரி என்ற கிராமத்து ஆஸ்பத்திரியில் நடந்தது உலகத்துக்குத் தெரிய வந்தது. ஏறக்குறைய எந்த மருந்துக்கும் கேட்காத காசநோய், 53 பேர், 52 பேர் இறந்தார்கள். எச்.ஐ.வி. சோதிக்கப்பட்ட 44 பேருக்கும் அது இருந்தது. சளி எடுத்த நாளில் இருந்து பாதிப் பேர் 16 நாளுக்கு மேல் தாங்கவில்லை. பலருக்கு அது தொற்றியதே வார்டிலும் கிளினிக் வரிசையிலும்தான் என்று பிறகு தெரிந்தது. அதைப் படித்த பிறகு எங்கள் காத்திருக்கும் இடத்தில் ஜன்னல் பூட்டியிருந்தால் நானே போய்த் திறந்துவிடுகிறேன். ஏசி போட்ட இடம்தான் வசதி என்று நினைக்கிறார்கள், காசநோய்க்குக் கடற்காற்று அடிக்கிற திண்ணைதான் நல்லது.

மனையாவெளி மகள்:
அது சரி, எல்லோரிடமும் கேட்பதால் அவமானம் இல்லை என்று மிஸ்ஸி சொல்வதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. கேட்கும்போது இல்லை, முடிவு வந்த பிறகு இருக்கிறது. திருகோணமலை என்ன பெரிய ஊரா? கிளினிக்கில் துண்டு கொடுக்கிறவர் ஒருவருடைய மச்சானின் வகுப்புத் தோழனாக இருப்பார். எனக்கு நெருங்கிய ஒருவர் ஒரு இடத்தில் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தார், முடிவைச் சொல்வதற்கு அவருடைய அண்ணனுக்குப் போன் எடுத்துவிட்டார்கள், வீட்டு நம்பர் அதுதான் இருந்ததாம். முடிவு 'இல்லை'தான். ஆனாலும் அவர் அந்தப் பரிசோதனை செய்தார் என்பதே ஊருக்கு வந்துவிட்டது. கலியாணப் பேச்சு ஒன்று நின்றுபோனது. அந்த இடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை.

அப்புறம் இன்னொன்று. இரண்டு வருத்தமும் இருந்தால் இரண்டு கிளினிக். காசத்துக்கு ஒரு இடம், எச்.ஐ.வி.க்கு பாலியல் நோய்ப் பிரிவு. வெருகலில் இருந்தோ புல்மோட்டையில் இருந்தோ வருகிறவர் இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் காசு கொடுத்து, இரண்டு வரிசையில் நிற்க வேண்டும். மருந்து இலவசம்தான், வயிறு இலவசம் இல்லையே. காசநோய் வந்த குடும்பங்களில் ஏறக்குறையப் பாதி, வருட வருமானத்தில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் இதிலே இழக்கின்றன என்று உலகக் கணக்கே சொல்கிறது.

பழைய மிஸ்ஸி:
மகள், போன் விஷயம் மன்னிக்க முடியாதது. இரத்தம் கொடுக்கும்போதே 'என் நம்பருக்கு மட்டும், நானே வந்து கேட்பேன்' என்று எழுதச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. மறுப்பதும் உரிமை. இரத்தம் தர மாட்டேன் என்றாலும் அதற்காக அவர்கள் காசநோய் மருந்தை நிறுத்த முடியாது.

இரண்டு கிளினிக் பிரச்சினையும் உண்மை, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் இரண்டு இடத்து வைத்தியர்களும் ஒருவரோடு ஒருவர் கதைத்தே ஆக வேண்டும், ஏனென்றால் மருந்துகள் ஒன்றையொன்று இழுக்கும். ரிஃபாம்பிசின் (சலத்தைச் செம்மஞ்சளாக்குகிற குளிசை, இரத்தம் என்று பயந்து ஓடிவராதீர்கள்) ஈரலை முடுக்கிவிட்டு மற்ற மருந்துகளைச் சீக்கிரம் கரைத்து வெளியேற்றிவிடும். எச்.ஐ.வி.க்குக் கொடுக்கும் டொலுடெக்ராவிரை ஒரு நேரத்துக்குப் பதில் காலை, மாலை இரண்டு நேரமும் கொடுக்க வேண்டி வரும். கர்ப்பத்தடைக் குளிசையும் இதனால் வலுவிழக்கும், இதைப் பெண்களிடம் சொல்ல மறந்துவிடுகிறார்கள். குடும்பநல மருத்துவமாதுவிடம் நீங்களே சொல்லி வேறு முறைக்கு மாறுங்கள். காசநோய்க்குத் தரும் மற்றக் குளிசைகளில் ஐசோனியசிட்டால் கால் விறைக்கலாம், அதற்கு விற்றமின் பி6 தருவார்கள். எதம்பியூட்டோலால் நிறம் மங்கித் தெரிந்தால் அன்றைக்கே சொல்லுங்கள்.

இன்னொன்று பலரைக் கலங்கடிப்பது. காசநோய் மருந்து தொடங்கி இரண்டு வாரத்துக்குள் எச்.ஐ.வி. மருந்தும் தொடங்குவார்கள், மூளைக்காய்ச்சல் வகையென்றால் கொஞ்சம் பிந்தி. தொடங்கிச் சில வாரத்தில் சிலருக்குக் காய்ச்சல் திரும்பவும் அடிக்கும், கழுத்தில் கழலை பெருக்கும். வீட்டார் 'மருந்து சேரவில்லை' என்று நிறுத்திவிடுவார்கள். உண்மையில் எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொண்டு, உடம்பில் ஏற்கெனவே இருந்த கிருமியோடு சண்டை தொடங்கியிருக்கிறது. அந்த நேரம் கிளினிக்குக்கு ஓட வேண்டும், குளிசையை நிறுத்தக் கூடாது. ஒரு பையனை அப்படித்தான் இழந்தோம். ஊரில் ஒரு பரியாரி எண்ணெயும் கொடுத்து, ஆஸ்பத்திரி மருந்தைக் கிணற்றில் போடச் சொல்லியிருந்தார்.

சீனக்குடாக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. அக்காவுக்கு இந்தப் பதிவுகளைப் போனில் வாசித்துக் காட்டினேன். நானாவின் மாமி கதையில்தான் கொஞ்சம் இறங்கி வந்தார். அத்தான் இரத்தம் கொடுத்துவிட்டார். முடிவு என்ன என்று இங்கே எழுத மாட்டேன், கேட்கவும் வேண்டாம்.

வேறு கேள்வி. வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை இருக்கிறது. அத்தானுக்குத் தனிக் கோப்பை, தனித் தட்டு, பின்பக்க அறை எல்லாம் மாமி ஒழுங்கு செய்துவிட்டார். பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வேறு வீட்டுக்கு வருவாராம். பிள்ளையை உவர்மலையில் பெரியம்மா வீட்டில் விடச் சொல்கிறார்கள். விடத்தான் வேண்டுமா?

ஆய்வுகூடத்தான்:
தட்டிலும் கோப்பையிலும் பரவாது, காற்றில்தான். இதற்கு நம் பக்கத்து ஊரில் பழைய ஆதாரம் இருக்கிறது. 1956இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சியில் ஒரு பகுதி நோயாளிகளைச் சானிட்டோரியத்தில் (காசநோயாளிகளைத் தங்கவைக்கிற ஆஸ்பத்திரி) வைத்தும், இன்னொரு பகுதியை நெருக்கடியான அவர்கள் சொந்த வீட்டிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள், அவர்களுடைய வீட்டாருக்கு அதிகமாகத் தொற்றவும் இல்லை, ஏனென்றால் மருந்து தொடங்க முன்பே தொற்ற வேண்டியது தொற்றிவிட்டது. சானிட்டோரியம் இல்லாமல் வீட்டில் வைத்தே குணமாக்கலாம் என்று உலகம் ஏற்றுக்கொள்ள இந்த ஆராய்ச்சி பெரிதும் உதவியது. முதல் சில வாரம் ஜன்னல் திறந்த அறை, வாயில் மாஸ்க், அது போதும். பீ.எச்.ஐ. வருவது வீட்டில் வேறு யாருக்கும் இருக்கிறதா என்று பார்க்க, வழக்குப் போட அல்ல.

பழைய மிஸ்ஸி:
பிள்ளையைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்புவதை விடக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் நோய் இல்லையென்று உறுதி செய்துவிட்டுத் தடுப்பாக ஐசோனியசிட் போன்ற மருந்து தருவார்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும், நோய் இல்லையென்று பார்த்துவிட்டு இதே போலத் தடுப்பு மருந்து உண்டு. பிறந்தபோது போட்ட பீ.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், அது சின்னப் பிள்ளைகளின் கடுமையான வகைகளைத் தடுக்கும், எல்லாவற்றையும் தடுக்காது.

கிண்ணியா நானா:
மிஸ்ஸி, நானும் ஒன்று கேட்க வேண்டும். நோன்பு வருகிறது. மாமி எவ்வளவு சொன்னாலும் நோன்பை விட மாட்டேன் என்கிறார். குளிசையைக் காலையில் வெறும் வயிற்றில் ஆள் முன்னால் விழுங்க வேண்டும் என்று மையத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

பழைய மிஸ்ஸி:
நானா, நோயாளிக்கு நோன்பில் சலுகை இருக்கிறதென்று உங்கள் மௌலவியே சொல்வார், முதலில் அவரைக் கொண்டு சொல்ல வையுங்கள். அதற்கும் கேட்கவில்லையென்றால் கிளினிக்கில் முன்கூட்டியே சொல்லி, ஸஹர் நேரத்தில் சாப்பாட்டுக்கு முன் எல்லாக் குளிசையையும் ஒரே தடவையில் போட ஒழுங்கு செய்யலாம். ஆனால் அந்த நேரத்தில் மையம் திறந்திருக்காது, ஆகவே பார்த்து விழுங்க வைக்கிற பொறுப்பை வீட்டில் யாராவது எடுக்க வேண்டும், அவருடைய பெயரை அட்டையில் எழுதுவார்கள். சீனியும் இருக்கிறதா மாமிக்கு?

கிண்ணியா நானா:
இருக்கிறது. ஊசிதான்.

பழைய மிஸ்ஸி:
அப்படியென்றால் நோன்பைப் பற்றி இங்கே பேசிப் பிரயோசனம் இல்லை, நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். கணக்கர் சந்தோஷப்படுவார்.